எடையைச் சத்தமாகச் சொல்லுங்கள்: தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகத்துக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகத்தாருக்கும் இலக்கவியல் அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் சின்னதாக ஒரு நகல் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பதெல்லாம் பெயருக்குத்தான். காலையில் கதவைத் திறந்ததும் வருகிறவர்களில் பாதிப் பேர் போனை நீட்டி, "இதைக் கொஞ்சம் பாரும்மா, என்னமோ கேக்குது" என்பார்கள். உதவித்தொகை, சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி, பிள்ளையின் மேற்படிப்பு, வங்கிக் கணக்கு எல்லாம் போனுக்குள் போய்விட்டன. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இன்னும் இருப்பவர்கள், தோட்டத்தை விட்டு வந்து தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளில் குடியேறியவர்கள், இவர்களுக்குப் பாரம், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்பிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. உங்கள் துறையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கற்றதுதான். செயற்கை நுண்ணறிவுக்குச் சட்டம் எழுதுமுன் எங்களிடமும் வந்து கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

சென்ற மாதம் 68 வயது அக்கா ஒருவர் வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். ஒரு விண்ணப்பத்துக்கு முகத்தைக் காட்டி ஆளை உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். வட்டத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னது. கண்ணைச் சிமிட்டச் சொன்னது. இடது பக்கம் திரும்பச் சொன்னது. எல்லாம் செய்தார். மீண்டும் முயலவும் என்று மலாயில் வந்தது. நாலு தடவை அப்படியே. ஐந்தாவது தடவைக்கு முன்னால் என்னைப் பார்த்து, "துந்நூறு பூசியிருக்கறதாலயாம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

துடைத்த பிறகும் வரவில்லை. கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதையில் வெயில் விழும் இடமாகப் பார்த்து நிற்கவைத்தேன். எட்டாவது தடவைதான் முகத்தை ஏற்றுக்கொண்டது. விரல் ரேகையும் அவருக்குச் சரியாகப் பதியாது. பாலும் அமிலமும் உளியும் பட்டுப் பட்டு ரேகை தேய்ந்த விரல்கள் அவை. அன்று அவர் காரியம் முடிந்து சந்தோஷமாகத்தான் போனார். எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. ஒரு கருவிக்கு ஆளைத் தெரியவில்லை என்றால், குறை தன் நெற்றியில் இருக்கிறது என்று ஒரு தாய் நினைக்கும்படி நாம் விட்டிருக்கிறோம்.

அந்தக் கருவி ஏன் தடுமாறியது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மங்கிய வெளிச்சமாக இருக்கலாம், பழைய போனாக இருக்கலாம். ஆனால் 2018-இல் ஜாய் பூலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள், முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்து வெளியிட்ட முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைத்தோல் ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை; கறுத்த பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போனது. காரணம் ஒன்றும் பெரிய மர்மமில்லை. பழக்குவதற்கும் சோதிப்பதற்கும் எடுத்த படங்களில் கறுத்த முகங்கள் குறைவு. செய்தவர்கள் யாரும் தீங்கு நினைக்கவில்லை, எங்களை நினைக்கவும் இல்லை. எங்கள் ஊரில் நாலு பேரை உட்காரவைத்துச் சோதித்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும் விஷயம் அது.

பெயர் விஷயமும் அப்படித்தான். எங்கள் அடையாள அட்டையான ஐசியில் பெயருக்கு நடுவே ஏ/எல், ஏ/பி என்று இருக்கும். இன்னாரின் மகன், இன்னாரின் மகள். அந்தச் சாய்கோட்டை ஏற்காத பாரங்கள் இன்னும் இருக்கின்றன. கோட்டை எடுத்துவிட்டால் ஐசியோடு பொருந்தவில்லை என்கிறது, எடுக்காவிட்டால் தவறான எழுத்து என்கிறது. தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு ஒரே வீட்டு ஆட்களை வேறு வேறு குடும்பமாகக் காட்டும் பாரத்தையும் பார்த்திருக்கிறேன். இதுவரை இது எரிச்சலோடு போயிற்று. இனி இந்தத் தகவலையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, இவருக்கு உதவி வேண்டும், இவருக்கு வேண்டாம், இவர்மேல் சந்தேகம் என்று ஓர் இயந்திரம் பிரிக்கப்போகிறது என்றால், அந்தச் சாய்கோடு ஒரு குடும்பத்தின் அரிசியில் கைவைக்கும்.

இது வெறும் பயமில்லை. நெதர்லாந்தில் பிள்ளைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்பவர்களைக் கண்டுபிடிக்க வரித்துறை ஒரு கணிப்பு முறையை வைத்திருந்தது. அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்களை அது கூடுதல் ஆபத்தாகக் கணக்கிட்டது. 20,000-க்கும் மேற்பட்ட பெற்றோர் ஏமாற்றுக்காரர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு, வாங்கிய பணத்தையெல்லாம் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டார்கள். வீடு போனவர்கள், குடும்பம் உடைந்தவர்கள் உண்டு. 2021 ஜனவரியில் அந்த அரசாங்கமே பதவி விலகியது. அவ்வளவு வசதியான நாட்டில், படித்த மக்களிடையே, இது வெளியே வரவே வருடக்கணக்கானது. எங்கள் பக்கம் இப்படி ஒன்று நடந்தால் முதலில் தெரிந்துகொள்ளப்போவது யார்? பெரும்பாலும் என் கடைக்கு வருகிறவர்கள்தான். ஆனால் அவர்கள் சொல்வதற்கு ஓர் இடமும் கிடையாது.

என் அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நான் பிறந்தது தோட்டத்து லயத்தில். அம்மாவுக்கு விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, பிறகு மரம் வெட்டி, பால் எடுத்து, காண்டா வாளியில் சுமந்து ஸ்டோருக்கு வருவார். அங்கே தோட்டத்துக் கணக்கரான கிராணி பாலை நிறுப்பார். அதோடு விடாமல், பாலில் ஓர் அளவுகோலை மிதக்கவிட்டு, எத்தனை பங்கு ரப்பர், எத்தனை பங்கு தண்ணீர் என்று பார்த்து நோட்டில் எழுதுவார். அந்த இரண்டாவது எண்ணில்தான் சம்பளம் இருந்தது. வெட்டியவளுக்கு அந்த எண் தெரியாது. மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் தெரியும், அதையும் யாராவது படித்துக் காட்ட வேண்டும்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு நாள் வரிசையில் தள்ளி நிற்கச் சொன்னபோது நகரவில்லை. "என் பாலுதானே ஐயா, நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்றார். மறுநாள் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். சங்கத்தில் போய்ச் சொன்னார்கள், பேச்சு வார்த்தை நடந்தது. கடைசியில் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் வந்தது: எடையையும் ரப்பர் அளவையும் கிராணி சத்தமாகச் சொல்ல வேண்டும், ஒரு சின்னச் சீட்டில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டுகளை அம்மா ஒரு மைலோ டின்னில் சேர்த்து வைத்திருந்தார். நான் முதல் வகுப்பு போனதும் எனக்குக் கணக்குப் பாடம் அந்த டின்னிலிருந்துதான்.

கிராணி கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. நல்ல மனிதர், தீபாவளிக்கு எங்கள் வீட்டில் சாப்பிடுவார். ஆள் நல்லவரா என்பது அங்கே கேள்வியாகவே இல்லை. நிறுக்கப்படுகிறவர் பக்கத்தில் நிற்கலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. செயற்கை நுண்ணறிவு பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

இன்றைக்கு அதே மண்ணில் செம்பனை என்ற எண்ணெய்ப் பனை நிற்கிறது. ட்ரோன் பறந்து மரங்களை எண்ணுகிறது. குலையைப் படம் பிடித்தால் பழமா காயா என்று சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. காய்க்குலை வெட்டினால் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் தோட்டங்களில் பழையது. அதை இனி ஒரு கருவி தீர்மானித்தால், "இது பழந்தான், வந்து பாருங்கள்" என்று தொழிலாளி யாரிடம் சொல்வார்? இப்போது குலை வெட்டுகிறவர்களில் நிறையப் பேர் இந்தோனேசியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் தாத்தா பாட்டி நின்ற இடத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் அலுவலகம் 2024 டிசம்பர் 12-ஆம் தேதி தொடங்கப்பட்டது. அதற்கு மூன்று மாதம் முன்பு அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சு செயற்கை நுண்ணறிவு ஆளுமைக்கும் நெறிமுறைக்கும் தேசிய வழிகாட்டியை வெளியிட்டது. மகளை உட்காரவைத்து அதன் சாரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஏழு கொள்கைகள்: நியாயம், பாதுகாப்பு, தனியுரிமை, யாரையும் விட்டுவிடாமை, வெளிப்படை, பொறுப்பேற்பு, மனித நலன். ஒவ்வொன்றும் மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் அது வழிகாட்டிதான், விருப்பமுள்ளவர் பின்பற்றலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 2010-லிருந்தே இருக்கிறது, கூட்டரசையும் மாநில அரசுகளையும் அது கட்டுப்படுத்தாது. என் கடைக்கு வருகிறவர்கள் தங்கள் தகவலை அதிகமாகக் கொடுப்பதோ அரசாங்கத்துக்குத்தான். செயற்கை நுண்ணறிவுக்கென்று ஒரு சட்டம் தயாராவதாக அமைச்சு சொல்லி வருகிறது. அந்தச் சட்டத்தில் அரசுத் துறைகளும் அடங்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அரசாங்கமும் இந்தக் கருவிகளைப் பயன்படுத்துகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2020 பிப்ரவரியில் சபா நீதிமன்றத்தில் ஒரு போதைப்பொருள் வழக்கில், என்ன தண்டனை விதிக்கலாம் என்று மென்பொருளிடம் பரிந்துரை கேட்கப்பட்டது. கடைசி முடிவு நீதிபதியினுடையதுதான். ஆனாலும் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் எதிர்ப்புத் தெரிவித்தார். அந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன். தராசுப் பக்கத்தில் நின்ற அம்மாவின் குரல்தான் அதுவும்.

மக்களிடம் கருத்துக் கேட்கிறோமே என்று நீங்கள் சொல்லலாம். எனக்குத் தெரிந்து கருத்துக் கேட்பு நடக்கும் விதம் இதுதான்: இணையத்தில் ஓர் ஆவணம், மலாயிலோ ஆங்கிலத்திலோ, சில வாரக் கெடு. அல்லது தலைநகரில் குளிர்சாதன அறையில் ஒரு பகல் பொழுது. பகல் பொழுது வந்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். தமிழர் சார்பில் யாராவது இருக்கட்டும் என்று ஒரு பேராசிரியரையோ தொழிலதிபரையோ அழைக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் விரல் ரேகை தேய்ந்த கதையை அவர்கள் சொல்ல மாட்டார்கள், அவர்கள் விரல் தேயவில்லை.

வேறு விதமாகவும் செய்யலாம். தைவானில் 2024-இல் பிரபலங்களின் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து பணம் பறிக்கும் விளம்பரங்கள் பெருகின. அரசாங்கம் 2 லட்சம் பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, முன்வந்தவர்களிலிருந்து எல்லாத் தரப்பும் இருக்குமாறு ஏறக்குறைய 450 பேரைத் தேர்ந்தெடுத்து, சிறு சிறு குழுக்களாக இணையத்தில் பேசவைத்தது. அவர்கள் சொன்னதில் பலவும் அதே ஆண்டு ஜூலையில் நிறைவேறிய மோசடித் தடுப்புச் சட்டத்தில் இடம்பிடித்தது. எங்கள் ஊரிலும் அப்படிப்பட்ட போலிக் காணொளியை வாட்சாப்பில் பார்த்துவிட்டு, சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தை அனுப்பிவிட்டு, ரசீது நகல் எடுக்க என் கடைக்கு வந்தவர் உண்டு. அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் எந்த விதி எங்கே தேவை என்று துல்லியமாகச் சொல்லியிருப்பார்.

அடுத்தது பேச்சு. இயந்திரங்கள் தமிழ் பேசுகின்றன, மகிழ்ச்சி. சிங்கப்பூரில் இந்த வட்டாரத்துக்கென்று உருவாக்கிய சீ-லயன் என்ற மொழி மாதிரியிலும், அதாவது எழுத்தைப் படித்துப் பழகிய மென்பொருளிலும், தமிழ் இருக்கிறது. ஆனால் "மாமாவை ஆஸ்பத்திரில தாஹான் பண்ணிட்டாங்க, பாரம் ரொம்ப சூசாவா இருக்கு" என்றால், ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள், படிவம் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாருக்கும் புரியும். அச்சுத் தமிழ் மட்டும் படித்த இயந்திரத்துக்குப் புரியுமா? பெரட்டு, தண்டல், ஆயாக்கொட்டகை போன்ற தோட்டத்துச் சொற்களெல்லாம் எழுதப்பட்ட இடம் எவ்வளவு? இன்னொன்றும் மகள் காட்டினாள். கணினிக்குள் இடத்தை பைட் என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று. த, ம, கொம்பு, ழ, புள்ளி என ஐந்து குறி சேர்ந்த 'தமிழ்' என்ற சொல் மட்டும் 15 பைட் பிடிக்கிறது. இந்த மாதிரிகளோ சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக் கணக்கில் வேலை செய்கின்றன. ஒரே விஷயத்தைத் தமிழில் சொன்னால் பெரும்பாலும் துண்டுகள் கூடிவிடுகின்றன. துண்டுக்குக் காசு என்றால் செலவும் கூடுகிறது. எங்கள் பாலை நிறுக்கும்போது எங்கள் பக்கத் தட்டில் மட்டும் ஒரு கல் கூடுதலாக வைத்தது போல.

அதைச் சரிசெய்ய எங்கள் பேச்சைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். செய்யுங்கள். ஆனால் அந்தப் பதிவு யாருடையது என்பதை முதலிலேயே பேசிவிடுவோம். நியூசிலாந்தின் வடகோடியில் கைட்டையா என்ற சின்ன ஊர். அங்கே மாவோரி மக்களின் தெ ஹிக்கு வானொலி 2018-இல் தன் மக்களிடம் குரல் கேட்டது. பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கும் மேல் வாசித்துக் கொடுத்தார்கள். அதை வைத்துத் தங்கள் மொழியைக் கேட்டு எழுதும் கருவியைத் தாங்களே செய்தார்கள். குரலைப் பெரிய நிறுவனங்களிடம் தூக்கிக் கொடுக்கவில்லை. எங்கள் மக்களுக்குப் பயன்படுமா என்று பார்த்தே அனுமதி தருவோம் என்று உரிமத்தில் எழுதி வைத்தார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன்தான் நினைவுக்கு வந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரிக்க, தொழிலாளிகள் நடுத்தெருவுக்கு வந்த காலம். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மரம் வெட்டுகிறவர்களிடமே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். வெட்டுகிறவர் பங்குதாரர் ஆனார். நிலத்துக்குச் செய்ததைக் குரலுக்கும் செய்யலாம். எங்கள் பேச்சுப் பதிவை ஒரு கூட்டுறவு வைத்திருக்கட்டும். யாருக்குக் கொடுப்பது, என்ன விலைக்கு, எதற்குக் கூடாது என்று உறுப்பினர் கூட்டம் முடிவு செய்யட்டும். இதற்கு விதை நிதியும் சட்டப் பாதுகாப்பும் உங்களால் தர முடியும்.

நான் கேட்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சட்ட வரைவு முடிவாகுமுன் தோட்டப் பட்டணங்களுக்கு வாருங்கள். இங்கே மட்டும் என்றில்லை. தாப்பா, பாகான் டத்தோ, கோலசிலாங்கூர், சுங்கை பட்டாணி என எங்கெல்லாம் தோட்ட மக்கள் இருக்கிறார்களோ அங்கெல்லாம். சுங்கை சிப்புட்டுக்கு வந்தால் உள்ளே லாசா பக்கமிருந்து தெமியார் பூர்வகுடி மக்களையும் கூப்பிடுங்கள். அவர்கள் பாடு எங்களைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வரைவை இரண்டு வாரம் முன்பே எளிய தமிழில் அனுப்புங்கள், நான் நகல் எடுத்துக் கொடுக்கிறேன், காசு வேண்டாம். சொன்னதைக் கேட்டுவிட்டுப் போவதோடு நின்றுவிடாமல், எதை ஏற்றீர்கள், எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். சட்டத்தைக் கண்காணிக்கும் குழுவில் தொழிலாளிக்கும் இடம் வேண்டும், வாக்குரிமையோடு, அந்த நாளின் சம்பளத்தோடு.

அம்மா கேட்ட இரண்டையும் சட்டத்தில் எழுதுங்கள். ஓர் இயந்திரம் எங்களைப் பற்றி ஒரு முடிவு சொன்னால், அதை எங்களுக்குப் புரியும் மொழியில் சத்தமாகச் சொல்ல வேண்டும். காரணம் எழுதிய சீட்டு ஒன்று கையில் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போனால் கேட்பதற்கு ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்க வேண்டும். முகம் பதியாதவருக்கும் விரல் பதியாதவருக்கும் வேறு வழி கொடுக்கச் சட்டமே கட்டாயப்படுத்த வேண்டும்.

மண்டபத்துக்குக் கோயில் நிர்வாகத்திடம் பேசிவிட்டேன். 200 நாற்காலி இருக்கிறது, ஒலிபெருக்கியும் உண்டு. காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் நல்லது. சாயங்காலம் மழை பிடித்தால் தோட்டத்துக்குத் திரும்பும் மண்பாதை சேறாகிவிடும். தீபாவளி வாரமும் தைப்பூச வாரமும் வேண்டாம். அன்று வந்த அக்காவிடமும் சொல்லியிருக்கிறேன். ஐசி எடுத்துக்கிட்டு வரணுமா என்று கேட்டார். வேண்டாம் அக்கா, நீங்கள் வந்தால் போதும் என்றேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்டில் பாரம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு தோட்டத்து மகள்